கலப்பு உறுப்புக்களாலாகிய சங்கிலிவாள் எஞ்சின்

மரம் வீழ்த்துவோர் கையில் முழங்கும் சங்கிலிவாளைத் தமிழ்நாட்டார் பலர் 2018ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, கஜாப் புயல் தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டைப் பகுதிகளின் தென்னந்தோப்புக்களைச் சாய்த்த நாட்களில் அணுகிக் கண்டனர். அத்தகைய கடும் உழைப்பிற்குப் பின் பட்டறைகளில் பழுதுற்ற கருவிகள் குவிதல் இயல்பு. ஒன்றன் சிலிண்டர் கெட்டிருக்கும். மற்றொன்றன் கிராங்கு அறை வெடித்திருக்கும். இறந்த இரண்டினின்று உயிருள்ள ஒன்றை ஆக்கலாகாதோ என்னும் எண்ணம் எவர்க்கும் எழும். ஆக்கலாம் என்பதே விடை. ஆயினும், திருகுகள் பொருந்திவிட்டமையால் எஞ்சின் அமைந்துவிட்டதெனக் கொள்வோர் பலர். உறுப்புக்கள் உருவத்தாற் பொருந்துதல் வேறு. தொழிலாற் பொருந்துதல் வேறு. பின்னதை அளந்தே அறியவேண்டும். அளக்கும் முறையே இக்கட்டுரையின் பொருள்.

கருவியின் வரலாறு சுருக்கமானது. ஜெர்மனியில் அந்திரேயாஸ் ஸ்டீல் என்பார் 1926இல் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலிவாளையும், 1929இல் பெட்ரோலால் இயங்குவதையும் செய்தார். எமில் லெர்ப் என்பார் 1927இல் துரிங்கியா நாட்டு டோல்மார் மலையில் தமது வாளைச் சோதித்தார். அம்மலையின் பெயரே அவர் கருவிக்கும் பெயராயிற்று. அக்காலத்து வாள்களைத் தூக்க இருவர் வேண்டும். எஞ்சினோ இவற்றினும் மூத்தது. இங்கிலாந்தில் பாத் நகரத்து ஜோசப் டே என்பார் 1889ஆம் ஆண்டளவில் முயன்று கண்ட இரண்டடி எஞ்சினும், அதனை 1892இல் பிரெடரிக் காக் என்பார் திருத்திய முறையுமே அதற்கு அடிப்படை.

அத்திருத்தத்தின் அழகு யாதெனில், கதவுகளைத் திறந்து மூடும் வேலையைப் பிஸ்டனே செய்தலாம். சிலிண்டரின் சுவரில் மூவகை வாயில்கள் உள. எரிந்த புகை வெளியேறுவது புகைவாயில். கிராங்கு அறையினின்று புதுக்கலவை மேலேறுவது கடத்துவாயில். கார்புரேட்டரினின்று கலவை கிராங்கு அறைக்குள் நுழைவது புகுவாயில். பிஸ்டன் இறங்குகையில் அதன் தலை முதலில் புகைவாயிலையும், சற்றுப் பின்னர்க் கடத்துவாயிலையும் திறக்கும். ஏறுகையில் அதன் பாவாடை விளிம்பு புகுவாயிலைத் திறக்கும். ஆகவே, எந்த வாயில் எப்போது திறக்கும் என்பது சிலிண்டரின் உயரம், பிஸ்டனின் உயரம், கிராங்கின் வீச்சு ஆகிய மூன்றன் உறவைப் பொறுத்தது. மூன்றும் ஒரே தொழிற்சாலையினின்று வந்தால் அவ்வுறவு முன்னரே அமைந்திருக்கும். வெவ்வேறு கருவிகளினின்று வந்தால் அதனை நாமே அமைத்தல் வேண்டும்.

ஓர் உதாரணம் காண்போம். ஸ்டீல் 044 என்னும் வாளின் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர். வீச்சு 36 மில்லிமீட்டர். 046 என்பதன் விட்டம் 52. வீச்சு அதே 36. கணக்கிட்டால் முன்னதன் கொள்ளளவு 70.7 கனசென்டிமீட்டர், பின்னதன் கொள்ளளவு 76.5. இரண்டு மில்லிமீட்டர் விட்டம் கூடியதால் கொள்ளளவு நூற்றுக்கு எட்டு மிகுந்தமை காண்க. வீச்சு ஒன்றாயிருப்பதால் கலப்புக் கருவி அமைப்போர் இத்தகைய இணைகளையே நாடுவர். ஆனால் பிஸ்டன் ஊசியின் பருமனை முதலிற் பார்த்தல் வேண்டும். 044இன் முற்பட்ட கருவிகளில் அது 10 மில்லிமீட்டர், பிற்பட்டவற்றில் 12. பெயர் ஒன்றாயிருப்பினும் உறுப்பு ஒன்றன்று.

இனி அளவைகளுள் தலையாயது இடுக்கு. பிஸ்டன் மேலெல்லையை அடையும்போது அதன் தலையின் ஓரத்திற்கும் சிலிண்டர் கூரைக்கும் இடையே எஞ்சும் வெளியே இடுக்காகும். மெல்லிய ஈயப் பற்றாசுக் கம்பியை ஸ்பார்க் பிளக் துளை வழியே சிலிண்டர் சுவரைத் தொடுமாறு செலுத்தி, பிளைவீலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினால் கம்பி நசுங்கும். நசுங்கிய நுனியின் கனத்தை அளந்தால் இடுக்கு விளங்கும். பிஸ்டன் ஊசி செல்லும் திசையிலேயே இருபக்கமும் அளத்தல் வேண்டும். குறுக்கே அளப்பின் பிஸ்டன் சாய்ந்து பொய்யளவு காட்டும். 0.5 மில்லிமீட்டர் அளவே அனுபவமுடையோர் நாடுவது. இடுக்கு அகன்றால் ஓரத்திலுள்ள கலவை விரைந்து எரியாமற் கிடந்து வலிவு குன்றும். மிகக் குறுகினாலோ, முழு வேகத்தில் இணைப்புத்தண்டு நீண்டும் பேரிங்குகள் தளர்ந்தும் பிஸ்டன் கூரையை இடிக்கும்.

கலப்பு எஞ்சினில் இடுக்கு 1.1 மில்லிமீட்டர் என்று கொள்வோம். சிலிண்டரின் அடியிலுள்ள அரைமில்லிமீட்டர்க் கேஸ்கட்டை நீக்கி, அவ்விடத்தில் வெப்பந்தாங்கும் பசை பூசினால் இடுக்கு 0.6 ஆகிவிடும். பலர் இதனோடு மகிழ்ந்து நின்றுவிடுவர். ஆனால் சிலிண்டர் அரைமில்லிமீட்டர் இறங்கியபோது வாயில்கள் யாவும் உடன் இறங்கினவல்லவோ? புகைவாயில் ஏறத்தாழ இரண்டு பாகை தாமதித்துத் திறக்கும்; கடத்துவாயிலும் அவ்வாறே. புகுவாயிலோ முன்னதாகவே திறக்கும். ஒரு செயலுக்கு மூன்று விளைவுகள். ஆதலின் இடுக்கைத் திருத்திய பின்னரே வாயில்களை அளத்தல் முறை; முன்னர் அளந்த உழைப்பு வீணாகும்.

வாயில்களை அளக்கக் கிராங்கின் முனையில் 360 பாகை குறித்த வட்டத்தகடு ஒன்றைப் பொருத்துவர். மேலெல்லையைக் கண்ணால் துணிய முடியாது. அவ்விடத்திற் பிஸ்டன் அசைவதே தெரியாது. ஆகையால் பிளக் துளையில் ஒரு தடையைத் திருகி, பிஸ்டன் இருபுறமும் அதனைத் தொடும் பாகைகளைக் குறித்து அவற்றின் நடுவைக் கொள்ளல் வேண்டும். நம் கலாசாலைப் பௌதிகச் சாலையில் ஊசலின் நிலைப்புள்ளியைக் காணும் உபாயமும் இதனைப் போன்றதே. இத்தரத்து வாள்களில் புகைவாயில் மேலெல்லைக்குப் பின் 100 பாகையளவிலும், கடத்துவாயில் 120 அளவிலும் திறத்தல் பெரும்பான்மை. இடைப்பட்ட 20 பாகைக் காலத்தில் புகையின் அழுத்தம் தணியவேண்டும். தணியாமற் கடத்துவாயில் திறந்தால் புகை கீழிறங்கிப் புதுக்கலவையைக் கெடுக்கும். இவ்விடைவெளி குறைந்திருப்பின் புகைவாயிலின் மேல்விளிம்பை அரத்தால் சிறிது உயர்த்தலாம். அரைமில்லிமீட்டர் ஏற்றுதற்கு அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளுதல் தகும். அரம் தீட்டியதை மீட்டு ஒட்டவியலாது. வாயில்களின் உட்புறத்தைக் கண்ணாடிபோல் மெருகிடுவதிற் சிலர்க்கு மிகுந்த ஆர்வமுண்டு. அதனால் விளையும் பயன் கண்ணுக்கே என்பது என் கருத்து.

வாயிலை அகலப்படுத்துவதில் மற்றோர் அபாயம் உண்டு. ரிங் வளைந்து வாயிலுக்குள் புடைக்குமாயின் விளிம்பில் மாட்டி ஒடியும். ரிங்கின் இருமுனைகளும் சேருமிடம் எவ்வாயிலின் மீதும் செல்லலாகாது. வேறு கருவியின் பிஸ்டனைப் புகுத்துவோர் இதனைக் கட்டாயம் நோக்கல் வேண்டும். விளிம்புகளை வளைவாகத் தேய்த்து, முன்போற் கூர்மையின்றி விடுதலும் அவசியம். சிலிண்டரின் உட்பூச்சு நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் கலந்ததாயின் அதனைக் கடைந்து பெரிதாக்க இயலாது. எனினும் பழைய பிஸ்டன் பற்றிக்கொண்டமையால் ஒட்டிய அலுமினியத்தைக் காற்றோட்டமுள்ள இடத்தில் உப்பு அமிலம் தடவிக் கரைக்கலாம். அமிலம் அலுமினியத்தைக் கரைக்கும். பூச்சை எளிதில் தொடாது. பூச்சு உரிந்த இடமிருப்பின் சிலிண்டரையே அரித்துவிடும்; ஆங்கு நுரை அடங்காது பொங்குவதே அச்சிலிண்டர் பயனற்றதென்பதற்கு அடையாளம்.

பெரிய பிஸ்டன் நிறையும் மிகும். நிமிடத்திற்கு 13,500 சுற்று ஓடுகையில், பிஸ்டனிற் கூடிய ஒரு கிராம் மேலெல்லையில் நான்கு கிலோகிராமிற்கு மேற்பட்ட நிறைபோல் இணைப்புத்தண்டை இழுக்கும். பழைய நிறைக்குச் சமன் செய்த கிராங்கு இதனால் அதிரும். அவ்வதிர்ச்சி கைகளுக்கும் ஏறும். நெடுங்காலம் அதிரும் வாளைப் பிடித்தோர்க்கு இரத்தவோட்டம் குன்றி விரல்கள் வெளுக்கும் நோய் உண்டாதல் யாவரும் அறிந்ததே. இரண்டு பிஸ்டன்கள் கிடைப்பின் இலேசானதைக் கொள்க. வேறு கருவியின் பிளைவீலை மாட்டுவோர் அதன் சாவிப்பள்ளம் அதே பாகையில் உளதா என்று பார்த்துக்கொள்க. இல்லையேல் பொறி தவறிய வேளையில் எழும்.

எல்லாம் பூட்டியபின் எஞ்சினை இயக்க அவசரப்படலாகாது. புகுவாயிலையும் புகைவாயிலையும் ரப்பர்த் தகடுகளால் அடைத்து, 0.5 பார் அழுத்தம் வரை காற்றேற்றி நிறுத்தவேண்டும். அழுத்தம் இறங்கினால் சோப்புநீர் தடவிக் கசிவைக் காணலாம். பின்னர்க் காற்றை உறிஞ்சியும் சோதித்தல் வேண்டும். கிராங்கின் எண்ணெய்க் காப்புக்கள் வெளிநோக்கிய அழுத்தத்தைத் தாங்கி, உள்நோக்கிய இழுப்பில் தோற்றல் உண்டு. கசிந்து நுழையும் காற்று கலவையை மெலிவிக்கும். இரண்டடி எஞ்சினில் எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்தே வருவதால், ஒரு லிட்டருக்கு 20 மில்லிலிட்டர் என்ற விகிதத்தில் எண்ணெய் சரியாயிருப்பினும், மெலிந்த கலவையில் சூடு மிகுந்து எண்ணெய் குன்றும். பிஸ்டன் புகைவாயிற் பக்கம் உராய்ந்து பற்றிக்கொள்ளும். கலப்பு எஞ்சின் நிலையாதென்று பழிக்கப்படுவதற்கு உறுப்புக்களினும் இக்கசிவே மிகுதியுங் காரணம் என்று சொல்லத் துணிவேன்.

முதல் ஓட்டத்தில் கார்புரேட்டரின் மேல்வேகத் திருகைச் சற்றுக் கலவை செறிவாயிருக்கும்படி திறந்து வைத்தல் நன்று. பாரமின்றி முழுவேகத்தில் விட்டால் ஒலி இரட்டித்துத் தடுமாறும். செறிந்த கலவை ஒவ்வொரு சுற்றிலும் எரியாது தவறுவதன் ஓசை அது. மரத்தில் வைத்து அறுக்கும்போது அவ்வோசை தெளிந்து ஒரே முழக்கமாகவேண்டும். அறுப்பினின்று எடுத்தவுடன் மீண்டும் தடுமாறவேண்டும். பாரமின்றியே தெளிவாக முழங்குமாயின் கலவை மெலிந்திருக்கிறது, உடனே நிறுத்துக.

சங்கிலியை மாட்டுமுன் ஒரு கணக்கு. எட்டில் மூன்றங்குலச் சங்கிலி ஏழு பல் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு 133 மில்லிமீட்டர் நகரும். நிமிடத்திற்கு 10,000 சுற்றில் அது நொடிக்கு 22 மீட்டர். 13,500 சுற்றில் 30 மீட்டர். அலகின் நுனியின் மேற்பகுதி மரத்தைத் தொட்டால் வாள் முழுவதும் அறுப்போன் முகத்தை நோக்கி எழும். கைகாப்பு முன்தள்ளப்பட்டவுடன் சங்கிலியை நிறுத்தும் தடை அதற்கென்றே உள்ளது. வலிவு கூட்டிய எஞ்சினோடு பழைய தடைப்பட்டையை வைத்திருப்போர் பலர். அப்பட்டையைக் கழற்றிப் பார்த்து, தேய்ந்திருப்பின் புதியதை இட்டு, சங்கிலி அசையாது நிற்கின்றதா என முழுவேகத்திற் சோதித்த பின்னரே வாளை மரத்தில் வைத்தல் வேண்டும்.