மாடியில் ஒரு மிளகாய்க் கலப்பு

குடைமிளகாய்க்குப் பக்கத்தில் கார மிளகாயை வைத்தால் குடைமிளகாயும் காரமாகிவிடும் என்று மாடித்தோட்டக்காரர்கள் பலர் சொல்வார்கள். ஆகாது. காரம் ஊறுவது காய்க்குள் விதை ஒட்டியிருக்கும் வெளிறிய நடுத்தண்டில். அதுவும் சதையும் தாய்ச்செடியின் உடம்பு. மகரந்தம் எங்கிருந்து வந்தாலும் அந்தக் காய் மாறாது, மாற்றம் விதைக்குள்தான். அதை முளைக்கவைத்துக் காய்க்கவிட்டால்தான் கலப்பு கண்ணுக்குத் தெரியும்.

முதல் முயற்சிக்கு ராமநாதபுரம் முண்டு தாயாகவும் சம்பா தந்தையாகவும் இருக்கட்டும். இரண்டும் ஒரே இனம், எளிதில் சேரும். ஒன்று குண்டு, ஒன்று நீளம் என்பதால் பலனும் பளிச்சென்று தெரியும். காந்தாரி வேறு இனம். கை பழகியபின் பார்க்கலாம். ஹைப்ரிட் விதை வேண்டாம், நாட்டு ரகமே நல்லது.

ஆவணியில் குழித்தட்டில் தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் நிரப்பி அரை அங்குல ஆழத்துக்குள் விதையுங்கள். பத்து நாளை ஒட்டி முளைக்கும். 40 நாள் நாற்றைப் பைக்கு மாற்றுங்கள். அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள். கார்த்திகை, மார்கழியில் பூ இருக்கும். சித்திரை வெயிலில் பூ கொட்டும், அப்போது கலப்பு வேலை வீண்.

மழையில்லாத மாலையாகப் பார்த்து முண்டுச் செடியில் மொட்டைத் தேடுங்கள். உப்பி வெளுத்திருக்க வேண்டும், இதழ் பிரிந்திருக்கக் கூடாது. விரிந்த பூ தனக்குத்தானே கருவுற்றிருக்கும். கூர்முனை இடுக்கியால் இதழை விலக்கினால் நடுவில் சூல்தண்டு, சுற்றி நீலம் பாய்ந்த ஐந்தாறு மகரந்தப்பைகள். நசுக்காமல் ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். ஏதாவது வெடித்துத் தூள் தெரிந்தால் அந்த மொட்டைக் கிள்ளி எறியுங்கள். மிச்சத்தைச் சிறு வலைத்துணியால் மூடுங்கள்.

மறுநாள் காலை, அன்றே விரிந்த சம்பாப் பூவைப் பறித்து, வெடித்த மகரந்தப்பையை நகத்தில் தட்டினால் வெளிறிய தூள் ஒட்டும். அதைச் சூல்தண்டின் நுனியில் தடவி மறுபடி மூடுங்கள். காம்பில் வண்ண நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். நூல் இல்லையென்றால் ஒரு வாரத்தில் எந்தக் காய் என்று நீங்களே குழம்புவீர்கள். பத்து மொட்டுக்காவது செய்யுங்கள், பாதிக்குமேல் உதிரலாம். அந்தச் செடியில் ஏற்கெனவே பிடித்த காய்களைப் பறித்துவிட்டால் புதியது நிற்க வாய்ப்பு அதிகம்.

காய் நன்றாகச் சிவந்தபின் கையுறை போட்டு விதையெடுத்து நிழலில் உலர்த்துங்கள். உறையில் தாய்ப் பெயரை முதலில் எழுதி 'முண்டு × சம்பா' என்று தேதியோடு குறித்துவையுங்கள்.

இந்த விதையில் வரும் முதல் தலைமுறைச் செடிகள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே காய்க்கும். அச்சு அசலாக முண்டுபோலக் காய்ப்பது கலப்பில் தப்பியது, பிடுங்கிவிடுங்கள். மற்றவற்றின் பூவை வலையால் மூடித் தானே கருவுறவிட்டு விதை சேருங்கள். வேடிக்கை அடுத்த தலைமுறையில்தான்: குண்டு, நீளம், இரண்டுங்கெட்டான், காரம் கூடியது, குறைந்தது எல்லாம் வரும். இருபது செடிக்காவது இடம் தேவை. பிடித்ததைத் தேர்ந்து, ஆறேழு தலைமுறை இப்படியே கொண்டுபோனால் ரகம் நிலைக்கும். 2023-ல் காரத்துக்காகக் கின்னஸில் ஏறிய பெப்பர் எக்ஸ் மிளகாய்க்கு அமெரிக்காவின் எட் கரி பத்தாண்டு உழைத்தார்.

தேர்வில் காரத்தை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்துச் செடியெல்லாம் சுருண்டபோதும் இலை விரிந்து நிற்கும் செடி இருந்தால், காரம் கொஞ்சம் குறைந்தாலும் அதன் விதையைத் தனி உறையில் போடுங்கள்.