பல்லப்கட் அரசர் நாஹர் சிங்

(உரைநடை)

நுழையும் முன்

தில்லி மெட்ரோவின் ஊதா வழித்தடம் காஷ்மீரி கேட்டில் தொடங்கி, தெற்கே அரியானா மாநிலத்தில் முடிகிறது. அதன் இறுதி நிலையத்தின் பெயர் ‘ராஜா நாஹர் சிங்’. வண்டியில் நாள்தோறும் அறிவிக்கப்படும் அப்பெயருக்கு உரியவர் யார்? வீரபாண்டிய கட்டபொம்மனையும் மருது சகோதரர்களையும் அறிந்த நாம், அவர்களைப் போன்றே ஆங்கிலேயரால் தூக்கிலிடப்பட்ட வடநாட்டு அரசர் ஒருவரை இப்பாடத்தில் அறிவோம்.

சிற்றரசின் தோற்றம்

தில்லியிலிருந்து மதுரா, ஆக்ரா நோக்கிச் செல்லும் பெருவழியில், ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த ஊர் பல்லப்கட். முகலாயப் பேரரசு தளர்வுற்ற 18ஆம் நூற்றாண்டில், உழவிலும் போர்த்தொழிலிலும் சிறந்த ஜாட் மக்கள் இவ்வட்டாரத்தில் வலிமை பெற்றனர். அவர்களுள் ஒருவரான பல்ராம் சிங், பல்லப்கட் சிற்றரசை நிறுவினார். பரத்பூரை ஆண்ட ஜாட் அரசர் சூரஜ்மல் அவருக்குத் துணை நின்றார். அம்மரபில் தோன்றியவரே நாஹர் சிங்.

இரு தலைமைகளுக்கு இடையே

1803ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை மராத்தியரை வென்று தில்லியைக் கைப்பற்றியது. அதன்பின் முகலாயப் பேரரசர் கம்பெனி தரும் ஓய்வூதியத்தில் செங்கோட்டைக்குள் வாழ்ந்தார். ஆட்சி கம்பெனியிடம் இருந்தது. அரசர் என்னும் பெயர் மட்டும் அவரிடம் இருந்தது. எனினும் அப்பெயர் வலிமையற்றதன்று. 1835ஆம் ஆண்டுவரை கம்பெனியே தன் நாணயங்கள் பலவற்றை முகலாயப் பேரரசரின் பெயரில்தான் வெளியிட்டு வந்தது.

இந்நிலையில் தில்லியைச் சூழ்ந்த சிற்றரசர்களின் வாழ்வு எளிதாக இல்லை. மரபின்படி அவர்கள் பேரரசரை வணங்கினர். நடைமுறையில் ஆங்கிலேய அதிகாரிகளின் சொல்லுக்குக் கட்டுப்பட்டனர். இரு தலைமைகளும் ஒன்றுக்கொன்று பகையாகும் நாள் வந்தால், எப்பக்கம் நிற்பது? அந்த நாள் 1857இல் வந்தது.

புரட்சியும் பல்லப்கட்டும்

1857 மே 10இல் மீரட்டில் கிளர்ந்தெழுந்த சிப்பாய்கள், மறுநாள் தில்லியை அடைந்து, முதியவரான பகதூர் ஷா ஜாபரைத் தங்கள் தலைவராக ஏற்றனர். நாஹர் சிங் அப்போது முப்பது வயதைக் கடந்த இளம் அரசர். அவர் பேரரசரின் பக்கம் நின்றார். தில்லிக்குத் தெற்கே செல்லும் பெருவழி அவருடைய ஆட்சி எல்லையில் இருந்ததால், அவ்வழியைக் காப்பது தலைநகரின் பாதுகாப்புக்கு இன்றியமையாததாயிற்று. பல்லப்கட்டுக்கும் செங்கோட்டைக்கும் இடையே கடிதங்கள் சென்றுவந்தன.

வடக்கே குன்றின்மீது முகாமிட்டிருந்த ஆங்கிலேயப் படை, செப்டம்பர் 14இல் காஷ்மீரி வாயிலைத் தகர்த்து நகருக்குள் புகுந்தது. ஒரு வார காலத்துக்குள் தில்லி வீழ்ந்தது. பகதூர் ஷா ஹுமாயூன் கல்லறையில் சிறைப்பிடிக்கப்பட்டார். பின்னர் நாஹர் சிங்கும் கைது செய்யப்பட்டுத் தில்லிக்குக் கொண்டுவரப்பட்டார்.

விசாரணையும் தீர்ப்பும்

இராணுவ நீதிமன்றம் அரசரை விசாரித்தது. புரட்சியாளருக்குத் துணைபோனார் என்பது குற்றச்சாட்டு. பேரரசருக்கு அவர் எழுதிய கடிதங்களே அவருக்கு எதிரான சான்றுகளாயின. தம்மிடம் தஞ்சம் புகுந்த ஐரோப்பியரைக் காத்ததாக அவர் தரப்பில் கூறப்பட்டது. அது தண்டனையை மாற்றவில்லை.

இங்கு எண்ணிப் பார்க்கத்தக்க வினா ஒன்று உண்டு. எவருடைய பெயரால் கம்பெனி நாணயம் அடித்ததோ, அந்தப் பேரரசருக்குத் துணை நின்றதையே கம்பெனி இராசத் துரோகம் என்றது. வழக்குத் தொடுத்தவரும் தீர்ப்பு வழங்கியவரும் ஒரே தரப்பினர். அத்தகைய மன்றத்தில் நடுவுநிலைமையை எதிர்பார்க்க இயலுமா?

1858 ஜனவரி 9ஆம் நாள், சாந்தினி சௌக்கில் கோத்வாலி எனப்பட்ட காவல் தலைமையகத்தின் முன், பொதுமக்கள் காண நாஹர் சிங் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முன்பே, டிசம்பர் மாதத்தில், ஜஜ்ஜர் நவாப் அப்துர் ரகுமான் கானும் தூக்கிலிடப்பட்டிருந்தார். சமயத்தால் வேறுபட்ட இருவரும் ஒரே முடிவை எய்தினர். பல்லப்கட் சிற்றரசு ஆங்கிலேய ஆட்சிப் பகுதியோடு இணைக்கப்பட்டது.

தெற்கும் வடக்கும்

1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மனும், 1801 அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டனர். காலத்தால் அரை நூற்றாண்டுக்கு மேலும், மொழியாலும் நிலத்தாலும் வெகு தொலைவும் விலகி நின்றவர்கள் இவர்கள். ஆயினும் ஆங்கிலேயர் கையாண்ட முறை ஒன்றே: அரசனை மக்கள் கண்முன் தண்டித்தல், அவனது நிலத்தைத் தமதாக்கிக்கொள்ளுதல். அச்சம் நினைவை அழித்துவிடும் என அவர்கள் எண்ணினர். நினைவு அழியவில்லை. பல்லப்கட்டில் நாஹர் சிங்கின் அரண்மனை இன்றும் நிற்கிறது. ஃபரிதாபாத்தின் கிரிக்கெட் அரங்கம் அவர் பெயரைத் தாங்குகிறது. 2018இல் மெட்ரோவும் பல்லப்கட்டை எட்டியது. சாந்தினி சௌக்கிற்கு அருகிலுள்ள லால் கிலா நிலையத்தில் ஏறுபவர், அதே வழித்தடத்தில் அவர் பெயர் தாங்கிய நிலையத்தில் இறங்கலாம்.

சொற்பொருள்

சிற்றரசு – சிறிய நாடு
பெருவழி – நெடுஞ்சாலை
தஞ்சம் – அடைக்கலம்
இராசத் துரோகம் – அரசுக்கு எதிரான குற்றம்
நடுவுநிலைமை – ஒருபக்கம் சாராமை

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பல்லப்கட் எங்கு அமைந்துள்ளது?
2. நாஹர் சிங்குக்கு எதிராகக் காட்டப்பட்ட சான்றுகள் யாவை?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. ‘இரு தலைமைகளுக்கு இடையே’ என்னும் தலைப்பு நாஹர் சிங்கின் நிலைக்கு எவ்வாறு பொருந்துகிறது?
2. நாஹர் சிங், கட்டபொம்மன் ஆகியோரின் முடிவை ஒப்பிடுக.

இ. மொழித்திறன்
செய்வினை: ஆங்கிலேயர் அரசரைத் தூக்கிலிட்டனர்.
செயப்பாட்டுவினை: அரசர் ஆங்கிலேயரால் தூக்கிலிடப்பட்டார்.
‘அரசர் தூக்கிலிடப்பட்டார்’ என்று மட்டும் எழுதினால் எச்செய்தி மறைந்துவிடுகிறது? பாடத்திலிருந்து இத்தகைய தொடர்கள் மூன்றைத் தேர்ந்து, செய்வினையாக மாற்றுக.

ஈ. செயல்பாடு
உன் வீட்டுப் பெரியோரிடம் அவர்தம் சொந்த ஊருக்கு அருகில் வாழ்ந்த விடுதலை வீரர் ஒருவரைப் பற்றிக் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக. அதனை வகுப்பில் படித்துக் காட்டுக.