படத்திறப்பில் உங்களுக்கு மூன்று நிமிடம்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, படத்துக்கு மாலை போட்டாகிவிட்டது. இலை போடுவதற்கு முன் பெரியப்பா மைக்கை நீட்டுகிறார்: "பேரன் ரெண்டு வார்த்தை பேசட்டும்." கிளையன்ட் முன்னால் அரை மணி நேரம் பிரசன்டேஷன் கொடுக்கிறவர்கள்கூட அந்த இடத்தில் "தாத்தா ரொம்ப நல்லவர், எல்லார்கிட்டயும் அன்பா இருப்பார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பாட்டி காரியத்தில் நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். இன்னும் உறுத்துகிறது. அதனால் தாத்தாவுக்குத் தயாராகிப் போனேன்.

அந்தக் கூட்டத்தில் பங்காளிகள், சம்பந்தி வீட்டார், அப்பாவின் ஆபீஸ் நண்பர்கள் எல்லாரும் இருப்பார்கள். உங்களைப் பெரிய ஆளாக அவர்கள் பார்ப்பது அன்றைக்குத்தான். சித்தப்பா மகனும் பேசுவான், ஒப்பிடத்தான் செய்வார்கள். அதை மனதில் வைத்துத் தயாராவதில் தப்பே இல்லை. நன்றாகப் பேசினால் தாத்தாவுக்கு மரியாதை, உங்களுக்குப் பேர்.

1. முதலில் லீவு. தனியார் கம்பெனிகளில் துக்க விடுப்பு பெரும்பாலும் கம்பெனி பாலிசியைப் பொறுத்தது. பல பாலிசிகளில் 'இம்மீடியட் ஃபேமிலி' என்பதில் தாத்தா பாட்டி வரமாட்டார்கள். படித்துப் பாருங்கள். இறந்த அன்றைக்கும் பதினாறாம் நாளுக்கும் சேர்த்து ஒரே மெயிலில் கேளுங்கள். எந்தெந்தத் தேதி, உங்கள் வேலையை யார் பார்ப்பார், எந்த நேரத்தில் போன் எடுப்பீர்கள். நாலு வரி போதும். "தாத்தா இறந்துட்டார்" என்று பொய் லீவு எடுத்தவர்களை உங்கள் மேனேஜர் நிறையப் பார்த்திருப்பார். தெளிவான மெயில்தான் உங்களுக்குப் பாதுகாப்பு.

2. அடுத்தது டேட்டா. பாதி நேரத்தை இதற்கே கொடுங்கள். என் தாத்தா திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவர் எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தார் என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். டிரங்குப் பெட்டியில் பென்ஷன் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அதில் இருக்கும் பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். அந்தத் தலைமுறையில் பலருக்குப் பள்ளியில் சேர்த்த வாத்தியார் போட்டதுதான் பிறந்த தேதி.

பிறகு மூன்று பேரிடம் தனித்தனியாகப் பேசுங்கள். "தாத்தா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமானவர்" என்பதோடு முடிந்துவிடும். "அவர்கிட்ட எதுக்குத் திட்டு வாங்கினீங்க?", "கையில காசே இல்லாதப்ப என்ன செஞ்சார்?" என்று கேளுங்கள். நான் அத்தையிடம் 1974 மே மாத ரயில்வே ஸ்ட்ரைக்கைப் பற்றிக் கேட்டேன். மே 8 முதல் 27 வரை நடந்த ஸ்ட்ரைக் அது. அத்தை கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார்: "அரிசிக்கு சைக்கிளை அடகு வெச்சாருடா. சம்பளம் வந்ததும் சைக்கிளை மீட்கல, எனக்குப் புஸ்தகம் வாங்கினாரு. ஆறு மாசம் அரியமங்கலத்துலேருந்து நடந்தே வேலைக்குப் போனாரு. சங்கு ஊதுறதுக்கு முன்னாடி கேட்ல நிப்பாரு."

3. அந்த சைக்கிள் போதும். இப்படி ஒன்று கிடைத்துவிட்டால் 'அன்பானவர், உழைப்பாளி, நேர்மையானவர்' எல்லாவற்றையும் அடித்துவிடலாம். மேடை வணக்கம் ஒரு வரி. உங்கள் டிசிக்னேஷன், "நான் இன்னைக்கு டீம் லீடா இருக்கக் காரணம்" வகையறா வேண்டாம். அன்றைக்கு மேடை அவருடையது. சொத்து, பழைய சண்டை பக்கமே போகாதீர்கள். அதற்காக இல்லாத குணத்தைச் சொல்லவும் வேண்டாம், முன் வரிசைக்கு உண்மை தெரியும். கடைசிக் காலத்தில் மருந்து கொடுத்து, குளிப்பாட்டி, இரவில் கண் விழித்தவர் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள். பெரும்பாலும் அது ஒரு மருமகளாகவோ மகளாகவோ இருக்கும். மற்ற பேச்சாளர்கள் அவரை விட்டுவிடுவார்கள்.

4. சுமார் 250 வார்த்தை. பெரிய எழுத்தில் பிரின்ட் எடுங்கள். போனைப் பார்த்துப் படிக்காதீர்கள். ஸ்கிரீன் அணைந்துபோகும், நடுவில் யாராவது கூப்பிடுவார்கள். மொட்டை மாடியில் மூன்று தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். குரல் உடைகிற இடம் எது என்று தெரிந்துவிடும். அங்கே சிவப்புப் பேனாவில் கோடு போட்டு, அடுத்த வரியைச் சின்னதாக மாற்றுங்கள். இன்னொரு பிரதியைத் தங்கையிடமோ தம்பியிடமோ கொடுத்து வையுங்கள். உங்களால் முடியாமல் போனால் அவர்கள் எழுந்து வந்து தொடரட்டும். எனக்கு "நடந்தே" என்ற வார்த்தையில் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தேன், எல்லாரும் காத்திருந்தார்கள், தொடர்ந்தேன்.

5. சாப்பாட்டுப் பந்தியில் பேனாவோடு இருங்கள். திருத்தம் சொல்ல ஆட்கள் தேடி வருவார்கள். வருஷத் திதிக்கும் உங்களைத்தான் பேசச் சொல்வார்கள், அப்போது உதவும். சைக்கிள் அடகு போனது பொன்மலை சந்தைப் பக்கம் என்று நான் சொல்லியிருந்தேன். தாத்தாவோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் ரசம் ஊற்றிய இலையை அப்படியே விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "சந்தை இல்ல தம்பி, காந்தி மார்க்கெட். நானும்தான் கூடப் போனேன்."