பிள்ளைக்கு எத்தனை கோச்?

ஒலிம்பிக் ஃபிகர் ஸ்கேட்டிங் பார்த்தவர்களுக்கு அந்த இருக்கை தெரியும். ஆடி முடித்தவர் மூச்சிரைக்க வந்து உட்கார்ந்து மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கும் இடம். 'கிஸ் அண்ட் க்ரை' என்று பெயர். பக்கத்தில் ஒரு கோச், சில நேரம் இருவர். அதைப் பார்த்துப் பார்த்து ஒரு பிள்ளைக்கு ஒரு கோச் என்ற எண்ணம் மனதில் ஊன்றிவிட்டது. கனடாவிலும் அமெரிக்காவிலும் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரில் பலர் பாட்டையோ பரதத்தையோ ஒரே குருவிடம் கற்றவர்கள். அவர்களுக்கு இந்த எண்ணம் இன்னும் இயல்பாகப் படும். குழு வகுப்பில் இருந்த மகளைத் தனி வகுப்புக்கு மாற்றிய பிறகுதான் கேள்விகள் வரிசைகட்டி வரும். தவறான நம்பிக்கைகளும் கூடவே வரும்.

நம்பிக்கை: நல்ல கோச் ஒருவர் போதும், எல்லாவற்றையும் அவரே சொல்லிக்கொடுப்பார்.

தொடக்கத்தில் இது சரிதான். பனியில் நிற்கவும் பிளேடின் விளிம்பில் சாயவும் ஒற்றைச் சுற்று ஜம்ப் போடவும் கற்கும் பிள்ளைக்கு ஒருவரே போதும். ஒருவராக இருப்பதே நல்லது. டபுள் ஜம்ப்கள் வந்த பிறகு நிலைமை மாறுகிறது. காரணம் மதிப்பெண் முறையிலேயே இருக்கிறது. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஜோடிப் பிரிவின் நடுவர் முறைகேடு வெடித்த பிறகு, பழைய 6.0 முறையைச் சர்வதேச ஸ்கேட்டிங் யூனியன் 2004-ல் கைவிட்டது. இப்போது ஒவ்வொரு ஜம்ப்புக்கும் அடிப்படை மதிப்பு உண்டு. ஸ்பின்னும் கால்வேலையும் நான்காம் நிலை வரை தரம் பிரிக்கப்படுகின்றன. நிகழ்ச்சியின் கட்டமைப்பு, வெளிப்பாடு, சறுக்கும் திறன் ஆகிய மூன்றுக்கும் தனி மதிப்பெண். ஸ்பின்னில் ஒரு நிலையைச் சுற்று எண்ணிக்கை போதாமல் இழப்பதும், மூன்று சுற்று ஜம்ப்பில் கால் சுற்றுக் குறைவதும் வேறுவேறு நோய்கள். இரண்டையும் ஒரே கண் ஒரே கூர்மையோடு பார்ப்பது அரிது.

டொராண்டோவின் கிரிக்கெட், ஸ்கேட்டிங் அண்ட் கர்லிங் கிளப்பைப் பாருங்கள். 2012-ல் ஜப்பானின் யுசுரு ஹன்யு தன் 17-வது வயதில் அங்கே போனார். உலகம் அறிந்த பெயர் பிரையன் ஓர்சர். 1984, 1988 ஒலிம்பிக் இரண்டிலும் வெள்ளி வென்றவர். ஹன்யுவை உருவாக்கியதோ ஒரு குழு. விளிம்பும் வேகமும் சறுக்கலின் ஓட்டமும் ட்ரேசி வில்சன் கையில் இருந்தன. 1988-ல் ஐஸ் டான்ஸில் வெண்கலம் வென்றவர் அவர். ஜம்ப்களுக்கு கிஸ்லேன் பிரியான். நிகழ்ச்சிகளை அமைத்தவர்கள் டேவிட் வில்சன், ஜெஃப்ரி பட்டில், ஷே-லின் போர்ன். 2014-லும் 2018-லும் ஹன்யு தங்கம் வென்றார். ஆண்கள் பிரிவில் இரண்டு ஒலிம்பிக் தங்கங்களை அடுத்தடுத்து வென்றவர் அவருக்கு முன்பு கடைசியாக 1948, 1952-ல் டிக் பட்டன்தான்.

நம்பிக்கை: காசு கொடுப்பது நாம், ஸ்பின்னுக்கு இன்னொருவரை வைத்தால் கோச்சிடம் ஏன் சொல்ல வேண்டும்?

அதிகம் தீங்கு செய்யும் நம்பிக்கை இதுதான். அதனால் இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

லுட்ஸ் என்ற ஜம்ப்பை எடுத்துக்கொள்வோம். இடது காலின் பின்வெளி விளிம்பில் சறுக்கிவந்து, வலது கால் பிளேடின் முன்பல்லைக் குத்தி எழ வேண்டும். பல பிள்ளைகளுக்கு எழும் கணத்தில் கால் தானாக உள்விளிம்புக்குச் சரிந்துவிடும். நடுவர் குழு அதைத் தவறான விளிம்பு என்று குறித்தால் மதிப்பெண் குறையும். சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகலாம், அதுவரை ஜம்ப் முன்பைவிட மோசமாகவே இருக்கும். போட்டிக் காலத்துக்கு நடுவில் இதைத் தொடலாமா, சீசன் முடிந்ததும் தொடலாமா என்பதை யாராவது ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். முதன்மை கோச் ‘இப்போது வேண்டாம்’ என்று தள்ளிவைத்ததை, அவருக்குத் தெரியாமல் சனிக்கிழமை வரும் இரண்டாவது கோச் நல்ல எண்ணத்தோடு திருத்த ஆரம்பிப்பார். திங்கட்கிழமை அந்தப் பிள்ளையிடம் பழைய லுட்ஸும் இருக்காது, புதியதும் இருக்காது. இரண்டு பெரியவர்கள் சொன்ன இரண்டு குறிப்புகளைத் தலையில் சுமந்துகொண்டு தளத்தின் ஓரத்தில் அது நிற்கும். இந்தக் குழப்பத்துக்குப் பிள்ளைதான் தன்னைக் குறைசொல்லிக்கொள்கிறது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அமெரிக்காவில் கோச்களின் தொழில் சங்கமான புரொஃபெஷனல் ஸ்கேட்டர்ஸ் அசோசியேஷன் 1938-ல் தொடங்கியது. இன்னொருவரின் மாணவரை நேராகவோ பிறர் வழியாகவோ இழுக்கக் கூடாது, புதிதாக ஒரு பிள்ளையை ஏற்குமுன் அதற்கு ஏற்கெனவே கற்பிப்பவர் யார் என்று விசாரிக்க வேண்டும் என்று அதன் நெறிமுறைகள் சொல்கின்றன. ஆகவே ஸ்பின் கோச் ‘உங்கள் முதன்மை கோச்சுக்குத் தெரியுமா?’ என்று கேட்டால் கோபப்படாதீர்கள். முறையான ஆள் அப்படித்தான் கேட்பார்.

முதன்மை கோச் என்பவர் குடும்ப டாக்டர் மாதிரி. இதய நிபுணரிடம் அனுப்புவதும், அவர் எழுதிய மருந்து மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும் அவர் வேலை. எந்த ஸ்கேட்டிங் தேர்வை எப்போது எடுப்பது, எந்தப் போட்டிக்குப் போவது, இந்த மாதம் ஜம்ப் கோச் எதைத் தொட வேண்டும், எதைத் தொடக் கூடாது, போட்டி நாளில் தளத்தின் விளிம்பில் யார் நிற்பது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. இன்னொரு நல்ல கோச்சைக் கண்டாலே முகம் சுளிப்பவர் இந்தப் பொறுப்புக்கு உகந்தவர் இல்லை என்பது என் தீர்மானமான கருத்து.

பணக் கணக்கும் தெளிவாக இருக்கட்டும். அமெரிக்காவில் பெரும்பாலான கோச்கள் சுயதொழில் செய்பவர்கள். இருபது, முப்பது நிமிட வகுப்புக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். தளத்துக்குக் கட்டணம் தனி. குழு என்றால் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பில் வரும்.

நம்பிக்கை: சாம்பியனாக இருந்தவர்தான் சாம்பியனை உருவாக்குவார்.

மேலே சொன்ன டிக் பட்டனின் கோச் கஸ் லுஸ்ஸி, சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவர். இளமையில் அவர் பனிச்சறுக்குத் தாண்டல் வீரர். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் சாம்பியன் பட்டம் எதுவும் வென்றவரல்லர். 1948-ல் முதல் டபுள் ஆக்சலையும், 1952-ல் முதல் ட்ரிபிள் ஜம்ப்பையும் போட்டியில் போட்டவர் அவருடைய மாணவர் பட்டன்தான். இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

நம்பிக்கை: கோச்சிடம் இன்னொரு திறமைசாலிப் பிள்ளை இருந்தால் நம் பிள்ளை பின்னுக்குத் தள்ளப்படும்.

இந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். ஆனாலும் சான்றுகள் வேறு திசையில் நிற்கின்றன. ஹன்யு பயிற்சி செய்த அதே தளத்தில், அதே ஓர்சரிடம், ஸ்பெயினின் ஹாவியர் ஃபெர்னாண்டஸும் பயிற்சி செய்தார். 2015-லும் 2016-லும் ஹன்யுவை முந்தி அவரே உலக சாம்பியன். ஐஸ் டான்ஸில் 2010 ஒலிம்பிக் தங்கமும் வெள்ளியும் மரீனா ஸுயேவா, இகோர் ஷ்பில்பாண்ட் கூட்டணியின் மாணவர்களுக்கே போயின. 2018-ல் தங்கம் வென்ற வர்ச்சூ-மோயரும் வெள்ளி வென்ற பாப்பதாக்கிஸ்-சிஸரோனும் மாண்ட்ரீயலில் ஒரே பயிற்சிக் கூடத்திலிருந்து போனவர்கள். அங்கெல்லாம் குழு இருந்ததால், யாரும் ஒருவருடைய நேரத்துக்காக மட்டும் ஏங்கி நிற்க வேண்டியிருக்கவில்லை.

எல்லா இடத்திலும் அப்படி முடிவதில்லை. மாஸ்கோவில் எட்டேரி டுட்பெரிட்ஸேயிடம் பயின்ற அலினா ஸகிட்டோவா 2018 ஒலிம்பிக்கில் தங்கமும், எவ்கேனியா மெத்வதேவா வெள்ளியும் வென்றார்கள். சில மாதங்களில் மெத்வதேவா அங்கிருந்து விலகி டொராண்டோவுக்குப் போய்விட்டார்.

நம்பிக்கை: கோச் தினமும் கூடவே நின்றால்தான் முன்னேற்றம்.

நேதன் சென் 2018-ல் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவர் கோச் ரஃபாயேல் அருத்யுன்யான் இருந்ததோ தென் கலிஃபோர்னியாவில். நாட்டின் இரு கரைகளுக்கு இடையே தொலைவிலிருந்தே பெரும்பகுதிப் பயிற்சி நடந்தது. 2019-ல் சென் உலக சாம்பியன் பட்டத்தைத் தக்கவைத்தார். கொரோனா சீசனில் ஹன்யு ஜப்பானிலேயே தங்கித் தனியாகப் பயிற்சி செய்து தேசிய பட்டம் வென்றார். ஆனால் இவர்கள் முதிர்ந்த வீரர்கள். ஜம்ப்பில் எங்கே தவறினோம் என்பதை உடம்பாலேயே உணரக்கூடியவர்கள். பத்து வயதுப் பிள்ளையை இதைக் காட்டித் தனியே விட்டுவிடக் கூடாது. முதன்மை கோச் வராத நாட்களில் எதைப் பயில வேண்டும் என்று எழுதிவைத்த திட்டமும், அதைக் கவனிக்கும் இரண்டாம் கோச்சும் அந்த வயதில் வேண்டும்.

நம்பிக்கை: கோச்சை மாற்றுவது துரோகம். இதன் எதிர்முனையில் இன்னொன்று: மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும்.

இரண்டும் பிழை. மிஷெல் குவான் ஏறத்தாழ பத்தாண்டு பயின்ற ஃப்ராங்க் கேரலை 2001 அக்டோபரில் பிரிந்தார். நான்கு மாதத்தில் சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக். கோச் இல்லாமல் போய், முதல் கட்டத்தில் முன்னிலை பெற்று, கடைசியில் வெண்கலத்தோடு திரும்பினார். பிரிந்ததால்தான் தங்கம் போயிற்று என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பெரிய போட்டி நெருங்கும்போது பிரிவது ஆபத்து என்பதை அனுபவமுள்ள கோச்கள் எல்லாரும் ஒப்புவார்கள். கொரியாவின் யுனா கிம் 2010-ல் தங்கம் வென்ற அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர்சரைப் பிரிந்தார். இரு தரப்பும் வெவ்வேறு கதை சொல்ல, பிரிவு ஊடகங்களில் கசந்தது. ஆனாலும் கிம் 2013-ல் மறுபடி உலக சாம்பியன் ஆனார். மெத்வதேவா 2020-ல் பழைய கோச்சிடமே திரும்பினார். போவதும் வருவதும் இந்த விளையாட்டில் உண்டு. போகும் முறைதான் முக்கியம்: பாக்கியைத் தீர்த்து, நேரில் சொல்லி, நன்றி சொல்லிவிட்டு, அதன் பிறகே அடுத்தவரை அணுக வேண்டும். கோச்சிடம் சொல்லும் வேலையைப் பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள்.

நம்பிக்கை: கண்டிப்பான கோச்சிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்பதே பெற்றோருக்கு அழகு.

2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 15 வயது கமிலா வலியேவாவை உலகமே பார்த்தது. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய செய்தி வந்த பிறகும் அவர் ஆடினார். பலமுறை விழுந்து நான்காவதாக முடித்தார். அழுதபடி தளத்தை விட்டு வந்த சிறுமியிடம் ஏன் போராடுவதை விட்டுவிட்டாய் என்று கோச் கேட்டது கேமராவில் பதிவானது. அந்தக் குளிர்ந்த வரவேற்பு தன்னைக் கலங்கடித்ததாக அன்றைய ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் தாமஸ் பாக் சொன்னார். வலியேவாவின் பக்கத்தில் நின்றது ஒரு முழுக் குழு. குழு இருந்தாலே பிள்ளைக்குக் காவல் இருக்கிறது என்று நினைப்பதும் ஒரு நம்பிக்கைதான். 2024-ல் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் வலியேவாவுக்கு நான்கு ஆண்டுத் தடை விதித்தது. சீனியர் பிரிவின் குறைந்தபட்ச வயதை 15-லிருந்து 17-ஆகப் படிப்படியாக உயர்த்த ஸ்கேட்டிங் யூனியன் 2022 ஜூனில் முடிவெடுத்தது.

இன்னொரு வழியும் இருக்கிறது. அமெரிக்காவின் அலிஸா லியு 16 வயதில், 2022-ல், போதும் என்று விளையாட்டையே விட்டார். 2024-ல் திரும்பினார். இந்த முறை இசை, உடை, பயிற்சியின் அளவு எல்லாவற்றிலும் தன் குரலும் இருக்க வேண்டும் என்றார். கோச்கள் ஃபிலிப் டிகுலியெல்மோவும் மாஸ்ஸிமோ ஸ்காலியும் அதற்கு இசைந்தார்கள். 2025-ல் பாஸ்டனில் அவர் உலக சாம்பியன்.

அமெரிக்காவில் சேஃப்ஸ்போர்ட் என்ற விளையாட்டுப் பாதுகாப்பு விதிகள் இப்போது தெளிவாகச் சொல்கின்றன: 18 வயதுக்குட்பட்டவரோடு கோச் தனியாக இருக்க நேர்ந்தால், மற்றவர் பார்க்கவும் இடையில் வரவும் கூடிய இடத்தில்தான் இருக்க வேண்டும். செய்தி அனுப்பினால் பெற்றோரையும் அதில் சேர்க்க வேண்டும். இது குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் பொருந்தும், வாரம் அரைமணி நேரம் வரும் ஸ்பின் கோச் உட்பட.

பெற்றோர் கால்விளிம்பைப் பற்றி அறிவுரை சொல்ல வேண்டாம்; அது கோச்சின் வேலை. ஆனால் சீசன் தொடங்குமுன் முதன்மை கோச்சோடு ஒருமுறை உட்காருங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. குழுவில் யார் யார், யார் எதைப் பார்ப்பார்கள், கருத்து மாறினால் யார் பேச்சு நிற்கும், வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் பயிற்சியை யார் நிறுத்துவார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லாதவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.