மெரினா மணல் ஏன் காலில் ஒட்டுவதில்லை?

கோடை விடுமுறைக்குச் சென்னை போய்த் திரும்பிய மறு வாரம், பேரனை ஜுஹு கடற்கரைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். வீட்டுக்கு வந்து குழாயடியில் கால் கழுவும்போது அவன் கேட்டான்: "தாத்தா, மெரினாவில மணலைத் தட்டினா உதிர்ந்துடுது. இங்க மட்டும் ஏன் சேறு மாதிரி அப்பிக்குது? நம்ம பீச் மட்டமா?"

அவன் 'நம்ம பீச்' என்றது ஜுஹுவை! நாற்பது வருடமாக இந்த ஊரில் இருந்தும் எனக்கு 'நம்ம பீச்' என்றால் இன்னமும் மெரினாதான். அது போகட்டும். கேள்வி நல்ல கேள்வி. ரயில்வேயில் கட்டட வேலைகளைப் பார்த்தவன் என்பதால் மணலோடு எனக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. எனக்குத் தெரிந்ததை நம் சங்கக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். மணல் என்பது ஒரு பொருளின் பெயரல்ல, ஓர் அளவின் பெயர். ஏறக்குறைய 0.06 மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டர் வரை உள்ள துகள் எதுவானாலும் அது மணல்தான். பாறைத் தூளாக இருக்கலாம், சிப்பித் தூளாக இருக்கலாம், பவளத் தூளாகவும் இருக்கலாம். அதற்கும் நுண்ணியது வண்டல், அதனினும் நுண்ணியது களி. ஆகவே ஒரு கடற்கரையின் மணல் எப்படிப்பட்டது என்று கேட்டால், அது எதிலிருந்து வந்தது, எவ்வளவு பருமன், அதில் களியும் வண்டலும் எவ்வளவு கலந்திருக்கிறது என்ற மூன்றையும் பார்க்கவேண்டும்.

பேரனுக்கு இதை வாயால் சொன்னால் போதாது என்று இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில்களை எடுத்தேன். ஒன்றில் ஜுஹு மணல். மற்றதில் அவனே பிளாஸ்டிக் பையில் கட்டி ரயிலில் கொண்டுவந்திருந்த மெரினா மணல். இரண்டிலும் பாதிக்கு மேல் தண்ணீர் விட்டு, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, நன்றாகக் குலுக்கி மேஜைமேல் வைத்தோம். மெரினா பாட்டிலில் மணல் உடனே கீழே இறங்கித் தண்ணீர் சீக்கிரம் தெளிந்தது. ஜுஹு பாட்டிலில் வெகுநேரம் கலங்கலாகவே நின்று, பிறகு மணலின் தலையில் ஒரு சாம்பல் நிறப் படலம் உட்கார்ந்தது. இதே சோதனையைத்தான் நாங்கள் வேலைத்தளத்தில் அளவுக் குடுவை வைத்துச் செய்வோம். மேலே படியும் வண்டல், மணலின் கொள்ளளவில் 8 சதவீதத்தைத் தாண்டினால் அந்த லாரியைத் திருப்பி அனுப்பவேண்டும் என்பது எங்களுக்குக் கற்றுக்கொடுத்த கணக்கு. நுண்ணிய துகள் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்த நீர்ப்படலமே பசை போலக் காலில் ஒட்டவைக்கிறது. பருமனான மணலில் தண்ணீர் வடிந்துவிடும், வெயிலில் சீக்கிரம் காயும், தட்டினால் உதிரும்.

மேற்குக் கரையிலும் கிழக்குக் கரையிலும் ஏன் இந்த வித்தியாசம்? மும்பைக்குப் பின்னால் நிற்கும் மலைகள், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு வழிந்து உறைந்த பசால்ட் பாறை. நம் தண்டவாளத்துக்கு அடியில் போடும் கறுப்பு ஜல்லி இதுதான். ஜல்லிக்கு இதைவிட உறுதியான கல் கிடைப்பது அரிது. ஆனால் மணல் தர இதற்கு வராது. இதில் குவார்ட்ஸ் என்னும் வெண்படிகம் இல்லை என்றே சொல்லிவிடலாம். மற்றக் கனிமங்கள் மழையிலும் வெயிலிலும் நைந்து களியாகிவிடும். அந்தக் களியைச் சிற்றாறுகளும் கழிமுகங்களும் கடலுக்குக் கொண்டுவருகின்றன. அதோடு கரும்பாறைத் துகளும் சிப்பித் தூளும் சேர்ந்ததே நம் ஜுஹு மணல். மேலும் மும்பையில் பெரிய ஓதத்தின்போது கடல்மட்டம் ஐந்து மீட்டர் வரைக்கும் ஏறி இறங்கும். சென்னையில் சுமார் ஒரு மீட்டர்தான். தட்டையான கரையில் தண்ணீர் வெகுதூரம் பின்வாங்குவதால் நாம் நடக்கிற இடமெல்லாம் ஈரம்.

சென்னைப் பக்கத்துக் கதை வேறு. பாலாறும் பெண்ணையாறும் காவிரியும் வருவது கிரானைட், நைஸ், சார்னகைட் பாறைகள் நிறைந்த பூமியிலிருந்து. (ஜாப் சார்னாக்கின் கல்லறைக்காகச் சென்னைப் பல்லாவரத்துக் கல் கல்கத்தாவுக்குப் போயிற்று. அவர் பெயரே அந்தப் பாறைக்கும் நிலைத்துவிட்டது.) இந்தப் பாறைகளில் குவார்ட்ஸ் ஏராளம். நூற்றுக்கணக்கான மைல் உருண்டு வரும் வழியில் மெலிந்த கனிமங்கள் எல்லாம் பொடிந்துபோக, கெட்டியான குவார்ட்ஸ் மட்டும் மிஞ்சுகிறது. ரயில் எஞ்சினில் மணல்பெட்டி ஒன்று உண்டு, பலர் கவனித்திருக்கமாட்டீர்கள். ஏற்றத்திலோ மழையில் தண்டவாளம் வழுக்கும்போதோ சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தூவினால்தான் பிடிப்பு வரும். கர்ஜத்திலிருந்து லோனாவ்லா ஏறும் 37-க்கு 1 சரிவில் இதன் அருமை தெரியும். அதற்கு உலர்த்திச் சலித்த குவார்ட்ஸ் மணல்தான் வேண்டும். வண்டல் கலந்த மணலைப் போட்டால் சக்கரம் இன்னும் வழுக்கும்.

பசால்ட் எங்கே முடிகிறது என்று கண்ணால் பார்க்க விரும்புவோர், 1998 முதல் ரோஹாவுக்கும் மங்களூருக்கும் இடையே முழுமையாக ஓடும் கொங்கண் ரயிலில் பகல் நேரத்தில் ஜன்னலோரம் உட்காருங்கள். வடக்கே வெட்டுப்பள்ளங்களில் கறுப்புப் பாறையும் செம்புறாங்கல்லும். கோவாவை நெருங்க நெருங்கப் பழைய கிரானைட் வகைகள் தலைகாட்டும். கடற்கரையும் அதற்கேற்ப வெளுக்கும். இன்னும் தெற்கே கேரளத்துச் சவறாவிலும் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் மணல் மறுபடியும் கறுக்கும். அது பசால்ட் அல்ல, இல்மனைட். நம் வீட்டுப் பெண்கள் முறத்தில் அரிசி புடைக்கும்போது தவிடு பறந்து கனமானது தங்குகிறதல்லவா? அலையும் அப்படித்தான் புடைக்கிறது. குவார்ட்ஸ் தண்ணீரைப்போல் சுமார் 2.65 மடங்கு கனம், இல்மனைட் நாலரை மடங்குக்கும் மேல். இலேசானதை அலை இழுத்துப் போக, கனமானது கரையில் படிந்துவிடும். லட்சத்தீவிலும் அந்தமானிலும் பளீரென்ற வெள்ளை மணல் பெரும்பாலும் பவளமும் சிப்பியும் பொடிந்தது. ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கும். மெரினா மணலில் சிப்பித் துண்டு இருந்தாலொழிய நுரைக்காது.

கடற்கரை மணலைக் கட்டடத்துக்குப் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்கிறார்கள். இதில் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். 1980களின் தொடக்கத்தில், ஐ.ஓ.டபிள்யூ. வேலையில் புதிதாகச் சேர்ந்த காலம். கடலோரச் சிற்றூர் ஒன்றில் ஊழியர் குடியிருப்பு கட்டிக்கொண்டிருந்தோம். ஒருநாள் வந்து இறங்கிய மணலில் சிப்பித் துண்டுகள் மின்னின. ஆற்று மணலோடு கடல் மணலைக் கலந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. மழைக்காலம் நெருங்குகிறது, வேலை நிற்கக்கூடாது என்று மேலே பேசாமல் விட்டுவிட்டேன். எட்டு ஒன்பது வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது, ஒரு வீட்டின் சன்ஷேடு வெடித்துத் துருப்பிடித்த கம்பி வெளியே தொங்கியது. மணலில் இருந்த உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால் கான்கிரீட்டை நெம்பிப் பிளக்கும். கீழே ஒரு பாயிண்ட்ஸ்மேனின் குழந்தைகள் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தன. அவர்களை எழுப்பி உள்ளே அனுப்பிவிட்டு, அன்றே ஷேடை இடிக்கச் சொன்னேன். அந்தக் காட்சி இன்றும் மனத்தை விட்டுப் போகவில்லை.

சரி, மட்டமான கரையை நல்ல கரையாக்க முடியுமா? குப்பையைப் பொறுத்தவரை முடியும். மும்பை வர்சோவா கடற்கரையில் 2015 அக்டோபரில் வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷா கையால் குப்பை பொறுக்கத் தொடங்கினார். ஆயிரக்கணக்கானோர் வாரந்தோறும் சேர்ந்தார்கள். 2018 மார்ச்சில் அங்கே ஆமைக் குஞ்சுகள் பொரித்துக் கடலுக்குப் போயின. ஆனால் குப்பை போனாலும் மணலின் நிறமோ பருமனோ மாறிவிடாது. அது பாறை தந்தது. 2020-ல் பூரி, ருஷிகொண்டா, ராதாநகர் முதலிய எட்டுக் கரைகளுக்கும், 2021-ல் சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளம், புதுச்சேரி ஈடன் கரைகளுக்கும் கிடைத்த 'நீலக்கொடி'யும் நீரின் தூய்மை, பராமரிப்பு, பாதுகாப்பு இவற்றுக்கே. மணலின் ஜாதிக்கு அல்ல.

அப்படியானால் வேறு இடத்து மணலைக் கொண்டுவந்து கொட்டினால்? கொட்டலாம். ஆனால் பழைய மணலைவிட நுண்ணியதாக இருந்தால் அடுத்த பருவத்திலேயே கடல் எடுத்துக்கொண்டு போய்விடும். அதே பருமனோ, சற்றுக் கூடுதலோ இருக்கவேண்டும். விசாகப்பட்டினத்தில் 1970களில் வெளித்துறைமுகம் கட்டியபின், தெற்கிலிருந்து வரும் மணல் அங்கே தேங்குகிறது. அதைத் தூர்வாரி வடக்கே ஆர்.கே. கடற்கரையில் கொட்டி வந்திருக்கிறார்கள். ஒரு தடவையோடு முடிகிற வேலையல்ல, வீட்டுக்கு வெள்ளையடிப்பதுபோலத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டியது.

இங்கேதான் மெரினாவின் மறுபக்கத்தைச் சொல்லவேண்டும். கிழக்குக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலை சாய்வாக வந்து மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். 1876-ல் சென்னைத் துறைமுகச் சுவர் வேலை தொடங்கியபின் அந்த ஓட்டம் தடைப்பட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து நின்றதால் ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் ஊருக்குள் புகுந்தது. என்னோடு டிப்ளமோ படித்த நண்பன் ஒருவன் காசிமேட்டுக்காரன். அவன் பாட்டி குடியிருந்த தெருவே இப்போது கடலுக்குள் இருக்கிறது என்பான். நாம் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு உட்காரும் மணலில் ஒரு பங்கு அவர்கள் வாசலுக்குப் போயிருக்கவேண்டியது.

புதுச்சேரியிலும் அப்படியே. 1989-ல் துறைமுக அலைதடுப்புச் சுவர் கட்டி முடிந்தபின் நகரத்துக் கரை கரைந்து, பாறாங்கல் மட்டும் மிஞ்சியது. கல்லைக் கொட்டக் கொட்ட அரிப்பு வடக்கே அடுத்த மீனவர் குப்பத்துக்கு நகர்ந்தது. தூண்டில் வளைவுகளிலும் இதே சிக்கல்தான். ஒரு பக்கம் மணல் பிடிக்கும், அடுத்த பக்கம் பறிபோகும். 2018-ல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் ஆப்பு வடிவில் ஓர் உருக்கு அமைப்பைத் தண்ணீருக்கடியில் இறக்கியது. அது அலையின் வேகத்தைத் தணித்தது. துறைமுக வாயில் மணலையும் எடுத்துக் கரையில் சேர்த்தார்கள். ஒரு தலைமுறை பார்க்காத மணல் காந்தி சிலைக்கு அருகே திரும்பி வந்தது. ஆற்றில் மணல் வந்தால்தான் இவையெல்லாம் நீடிக்கும். 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் தொடங்கி ஒவ்வோர் அணையும் மணலைத் தன் வயிற்றில் வைத்துக்கொள்கிறது. மிச்சத்தை லாரிகள் அள்ளுகின்றன.

பேரன் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நான் கொண்டுவந்தது ராயபுரத்துக்குப் போகவேண்டிய மணலா?" என்றான். ஒரு பை மணலால் ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். அவன் சமாதானம் ஆகவில்லை. பாட்டிலைக் காயவைத்து மூடி, அடுத்த மே மாதம் எடுத்துப் போவதற்காகத் தன் பெட்டியில் வைத்திருக்கிறான்.