ரோமா மக்களும் வேலைத் தடையும்

பிரான்சில் குடியேறிய ரோமா மக்கள் உழைக்க விரும்பாத நாடோடிகள் என்கிறார்களே, உண்மையா?

உண்மையன்று. 2007இல் ருமேனியாவும் பல்கேரியாவும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபின், இடைக்காலக் கட்டுப்பாட்டை, அதாவது புதிய உறுப்புநாட்டினர் தனி அனுமதியின்றி வேலையில் சேரவிடாத விதியை, பிரான்ஸ் 2013 இறுதிவரை வைத்திருந்ததால், அந்நாடுகளிலிருந்து வந்து பிழைக்க வழியற்றிருந்த ரோமா குடும்பங்கள் நகர விளிம்புகளில் குடிசை போட்டன. அக்குடிசைகளை மட்டுமே கண்ட பொதுமக்கள், சட்டம் உண்டாக்கிய வறுமையை இனத்தின் இயல்பென்று நம்பினர். 2010இல் அரசே குடியிருப்புகளைக் கலைத்து, வயதுவந்தோருக்கு 300 யூரோ கொடுத்துத் திருப்பி அனுப்பியது அந்நம்பிக்கைக்கு அதிகார முத்திரையாக அமைந்தது; இது மன்னிக்கத்தகாத அநீதி. நாடோடிகள் என்பதும் தவறே. ருமேனியாவிலிருந்தும் பல்கேரியாவிலிருந்தும் வந்தோருள் பெரும்பாலோர் அங்கே தலைமுறைகளாக நிலையான வீடுகளில் வாழ்ந்தவர்கள்.