காலர் வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் பொறு

உன் நாய் குரைக்குதுன்னு அசோசியேஷன்ல இருந்து ரெண்டாவது தடவையா புகார் வந்திருக்குன்னு சொன்னே. கீழ் வீட்டுல கைக்குழந்தை, எதிர் வீட்டுல நீட்டுக்குப் படிக்கிற பொண்ணு. அவங்க கேட்கறதுல நியாயம் இருக்கு. அந்தப் பதற்றத்துல நீ ஆன்டி-பார்க் காலர் ஒண்ணை கார்ட்ல போட்டு வெச்சிருக்கே. அதை இப்போ ஆர்டர் பண்ணாதே. காலருக்குக் குரைக்கிற சத்தம் மட்டும்தான் கேட்கும். எதுக்குக் குரைக்கிறான்னு அதுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க வேண்டியது நீதான், அதுக்கு ரெண்டு வாரம் போதும்.

முதல் வாரம் ஒரு நோட்டு போடு. எத்தனை மணிக்குக் குரைச்சான், எங்கே நின்னு குரைச்சான், அதுக்கு முன்னாடி என்ன நடந்தது, எப்படி அடங்கினான், இவ்வளவுதான். நீ ஆபீஸ் போனப்புறம் நடக்கிறது தெரியணும்னா பழைய போனை ஷெல்ஃப் மேல வெச்சு வீடியோ ஆன் பண்ணிட்டுப் போ. "நாள் முழுக்கக் குரைக்குது"ன்னு புகார் வந்த இடத்துல, வீடியோவைப் பார்த்தா குப்பை வண்டி வர்ற நேரமும் ஸ்கூல் வேன் வர்ற நேரமும் மட்டும்தான் சத்தமா இருக்கலாம். அது தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சது.

வாசல் பக்கம் ஓடி, லிஃப்ட் சத்தத்துக்கும் டெலிவரி ஆளுக்கும் குரைச்சு, அவங்க போனதும் நிறுத்தினா அது காவல் குரைப்பு. அவன் கணக்குல விஷயம் ரொம்பச் சரியா நடக்குது: நான் குரைச்சேன், அந்த ஆள் போயிட்டான். தினமும் இது நடக்கறதால பழக்கம் உறுதியாகுது. உன் முகத்தைப் பார்த்துக் குரைச்சா ஏதோ கேட்கறான். நீ கிளம்பின கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சு, ஊளையிட்டு, கதவைப் பிராண்டி, எச்சில் ஒழுகி, பழகின நாயா இருந்தும் உள்ளேயே மூத்திரம் போயிருந்தா அது பிரிவுப் பதற்றம். இதை மட்டும் மத்ததோட சேர்த்துப் பார்க்காதே. அவன் பயந்துபோய் இருக்கான். பயத்துல அழற பிள்ளைக்கு வாயை மூடச் சொல்லித் தண்டனை குடுத்தா பயம் கூடத்தான் செய்யும். இந்த வகைக்கு எந்தக் காலரும் கூடாது, எவ்வளவு மென்மையானதா இருந்தாலும்.

வயசான நாய் திடீர்னு ராத்திரியில குரைக்க ஆரம்பிச்சா பயிற்சி பத்தி யோசிக்காதே, நேரா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. காது மந்தமாகியிருக்கலாம், மூட்டு வலி இருக்கலாம், மனுஷங்களுக்கு வர்ற மாதிரி மறதி நோயும் நாய்க்கு வரும். சின்ன வயசு நாயா இருந்தாலும் ஒரு தடவை காட்டிடு. வேப்பேரியில இருக்கிற மெட்ராஸ் வெட்னரி காலேஜ் 1903-ல ஆரம்பிச்சது. அங்கே இருக்கிற ஆஸ்பத்திரியில எல்லா டெஸ்ட்டும் ஒரே இடத்துல எடுத்துடலாம். காதுக்குள்ள புண்ணோ பல் வலியோ இருக்கறப்போ காலரை மாட்டினா அதைவிடப் பாவம் வேற இல்லை.

இன்னைக்கே செய்யக்கூடியது ஒண்ணு சொல்றேன். சாப்பாடு, மளிகை ஆப் எல்லாத்துலயும் டெலிவரி குறிப்புல "பெல் அடிக்க வேண்டாம், போன் பண்ணுங்க"ன்னு எழுதிடு. வாசல்லயும் ஒரு சீட்டு ஒட்டிடு. பால்கனி கிரில்லுக்கு அவன் கண் உயரம் வரைக்கும் பச்சை நெட் கட்டு, ஜன்னல் கண்ணாடியோட கீழ்ப் பாதியில ஃப்ராஸ்டட் ஸ்டிக்கர் ஒட்டு. தெரு தெரியலைன்னாலே குரைப்பு நல்லாக் குறையும். ராத்திரி தெரு நாய்ங்க சண்டைக்குப் பதில் சொல்றான்னா, தெருப் பக்கம் இருக்கிற ஹாலை விட்டுட்டு உள் ரூம்ல ஃபேன் சத்தத்துல படுக்க வை.

பெல்லுக்குப் பயிற்சி குடுக்கிறதுதான் இதுல பெரிய வேலை. பொறுமை வேணும், ஆனா கட்டாயம் பலன் இருக்கு. உன் வீட்டு பெல் சத்தத்தை போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கோ. ஒரு மூலையில பழைய பாயை விரி, "பாய்க்குப் போ"ன்னு சொல்லி அங்கே உட்கார வெச்சு வேக வெச்ச சிக்கன் துண்டு ஒண்ணு குடு. அது பழகினதும், பெல் சத்தத்தை அவன் காது லேசா அசையற அளவுக்கு மட்டும் குறைச்சு வெச்சுப் போடு, உடனே பாய், உடனே சிக்கன். குரைக்காம இருக்கிற வரைக்கும் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்து. குரைச்சுட்டா சத்தம் அவசரப்பட்டு ஏறிடுச்சுன்னு அர்த்தம், ஒரு படி இறங்கு. ஒரு வேளைக்கு அஞ்சு நிமிஷத்துக்கு மேல வேண்டாம், சலிச்சுப் போயிடும். கடைசியில நிஜ பெல். உன் வீட்டுக்காரரை வெளியே நிக்க வெச்சு அடிக்கச் சொல்லு. பெல் அடிச்சதும் அவன் வாசலை விட்டுட்டுப் பாய்க்கு ஓடற நாள் வரும். அதுக்கப்புறமும் சிக்கனை ஒரேயடியா நிறுத்திடாதே, அப்பப்போ குடு.

அவன் குரைக்கறப்போ நீ கத்தாதே. நீயும் சேர்ந்து குரைக்கறேன்னுதான் எடுத்துக்குவான். மூச்சு வாங்க ரெண்டு நொடி நிறுத்துவான் பாரு, அந்த இடைவெளியில "போதும்"னு சாதாரணக் குரல்ல சொல்லி சிக்கன் குடு. வீட்டுல எல்லாரும் அதே ஒரு வார்த்தையைச் சொல்லணும். நீ "போதும்", அம்மா "சும்மா இரு", பசங்க "ஸ்டாப்"னு சொன்னா அவனுக்கு ஒண்ணும் விளங்காது.

கேட்டுக் குரைக்கறவனுக்குத் திரும்பிப் பார்க்காம இருக்கறதுதான் மருந்து. ஆனா முதல் சில நாள் முன்னைவிட அதிகமாக் குரைப்பான், அதை எதிர்பார்த்துக்கோ. நேத்து வரைக்கும் வேலை செஞ்சது இன்னைக்கு ஏன் செய்யலைன்னு சத்தத்தைக் கூட்டிப் பார்க்கறான். அந்த நேரம் மனசு இளகி பிஸ்கட் குடுத்துட்டா, இவ்வளவு சத்தமாக் கத்தணும்னு கத்துக்குவான்.

அலுப்புல குரைக்கறவனுக்கு மூக்குக்கு வேலை வேணும். காலையில வெயில் ஏறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் நடை, அதுல பாதி நேரம் அவன் இஷ்டத்துக்கு மோந்து பார்க்க விடு. தார் ரோட்டுல புறங்கையை வெச்சுப் பாரு, உனக்குச் சுட்டா அவன் பாதத்துக்கும் சுடும். கிளம்பறப்போ நடுவுல குழி இருக்கிற ரப்பர் பொம்மைக்குள்ள தயிர் சாதமும் வேக வெச்ச கேரட்டும் அடைச்சு, ஃப்ரீசர்ல உறைய வெச்சுக் குடு. நக்கி முடிக்கவே ரொம்ப நேரம் ஆகும். தாளிக்காத சாதமா இருக்கட்டும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் எதுவும் நாய்க்குக் கூடாது.

இத்தனையும் செஞ்சு, காவல் குரைப்பு மட்டும் மிச்சம் இருந்தா, அப்போ காலரைப் பத்தி யோசிக்கலாம். பெட்டி மேல 'ஹியூமேன்'னு போட்டிருக்கறதை மட்டும் நம்பாதே, அதை யார் வேணும்னாலும் அச்சடிக்கலாம். காலரோட உள்பக்கத்தைப் பாரு. ரெண்டு உலோக முனை துருத்திட்டு இருந்தா அது ஷாக் குடுக்கிறதா இருக்க நிறைய வாய்ப்பு. 'ஸ்டாட்டிக்', 'பல்ஸ்', 'ஸ்டிமுலேஷன்'னு பேரை மாத்தி எழுதியிருப்பாங்க, எல்லாம் ஒண்ணுதான். அதை வீட்டுக்குள்ளயே விடாதே. கழுத்துல வலிக்கற நேரத்துல எதிர்ல ஒரு குழந்தை நடந்து வந்தா, அந்த வலி குழந்தையாலதான் வந்ததுன்னு நாய் முடிவு பண்ணிடும். அதுக்கப்புறம் அது கடிச்சா யாரைக் குத்தம் சொல்றது? வேல்ஸ் நாட்டுல 2010-லயே ஷாக் காலரைத் தடை பண்ணிட்டாங்க.

அல்ட்ராசானிக் காலர் நம்ம காதுக்குக் கேட்காத சத்தம் போடும். நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேட்கும், நாய்க்கு சுமார் 45,000 வரைக்கும் கேட்கும். சில நாய் கண்டுக்கவே கண்டுக்காது, சிலது மிரண்டுடும். பக்கத்துல இருக்கிற பூனைக்கும் அந்தச் சத்தம் கேட்கும். நான் இதைச் சொல்ல மாட்டேன்.

மிச்சம் ரெண்டு. ஒண்ணு வைப்ரேஷன். இதுல ஷாக் அறவே இல்லாத மாடலா வாங்கணும், பட்டன் தவறி அமுங்கினாலும் ஷாக் வராத மாதிரி. இன்னொண்ணு சிட்ரோனெல்லா ஸ்ப்ரே. கொசு விரட்டுற மெழுகுவத்தியில வருமே, அந்த எண்ணெய். குரைச்சதும் மூக்குப் பக்கம் புஸ்ஸுன்னு அடிக்கும். அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல 1996-ல ஷாக் காலரையும் இதையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. இதுதான் நல்லா வேலை செஞ்சதுன்னு நாயை வளர்த்தவங்களே சொன்னாங்க. பத்து நாய்கூட இல்லாத சின்ன ஆய்வுதான். அதைவிட நமக்கு உதவறது பெல்ஃபாஸ்ட்ல டெபோரா வெல்ஸ் 30 நாய்களை வெச்சு செஞ்சு 2001-ல வெளியிட்ட ஆய்வு. தினமும் மாட்டின நாய்ங்களைவிட, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாட்டின நாய்ங்களுக்குக் குரைப்பு அதிகமாக் குறைஞ்சது. ஆனா நாள் ஆக ஆக ரெண்டு கூட்டத்துலயும் பலன் தேஞ்சுபோச்சு, நாய்ங்க பழகிக்கிட்டதால. அதனால காலர் உனக்குக் கொஞ்ச நாள் அவகாசம் வாங்கிக் குடுக்கும், அவ்வளவுதான். அந்த நாள்ல பெல் பயிற்சி நடக்கலைன்னா காசு வீண்.

ஸ்ப்ரேவுலயும் ஒரு கஷ்டம் இருக்கு. அவன் குரைக்கறதை நிறுத்தினாலும் வாசனை முடியில ஒட்டிக்கிட்டு இருக்கும். நம்ம மூக்குக்கே அது காட்டம், அவன் மூக்குக்கு எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாரு. வாசனையே இல்லாத, வெறும் காத்து மட்டும் அடிக்கிற மாடலும் உண்டு. கிடைச்சா முதல்ல அதை முயற்சி பண்ணு.

வாங்கறப்போ சென்சார் எப்படி வேலை செய்யுதுன்னு கேளு. மைக் மட்டும் இருக்கறது பக்கத்து வீட்டு நாய் குரைச்சாலும் உன் பையனைத் தண்டிக்கும். தொண்டை அதிர்வையும் சேர்த்துப் பார்க்கிற மாடல்தான் வேணும். முதல் நாள் ஆஃப் பண்ணியே மாட்டு, சும்மா பழகட்டும். காலருக்கும் கழுத்துக்கும் நடுவுல ரெண்டு விரல் நுழையணும். நீ வீட்டுல இருக்கறப்போ மட்டும், அரை மணி, ஒரு மணி நேரம் போதும். கழட்டினதும் முடியை விலக்கிக் கழுத்தைப் பாரு. சென்னைப் புழுக்கத்துல ஈரம் தங்கி சிவந்து, முடி உதிர்ந்து புண்ணாயிடும். அந்தக் காலர்ல லீஷைக் கோக்கவே கோக்காதே, நடைக்கு வேற பட்டை போடு. ஆறு மாசத்துக்குள்ள இருக்கிற குட்டிக்கும், பக் மாதிரி மூக்கு சப்பையா இருந்து மூச்சுக்குக் கஷ்டப்படற இனத்துக்கும் வேண்டாம். தீபாவளி வெடிச் சத்தத்துல எந்த நாய்க்கும் கூடாது. மாட்டினதும் மூலையில ஒடுங்கினாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ, காலரை எடுத்துட்டு வர்றதைப் பார்த்ததும் வாலை உள்ளே இழுத்துக்கிட்டாலோ அன்னைக்கே நிறுத்திடு.

குரைப்பே இல்லாம ஆக்கணும்னு நினைக்காதே. ராஜபாளையமோ கோம்பையோ வேட்டைக்கும் காவலுக்கும்னு தலைமுறை தலைமுறையா வளர்த்த இனம், நம்ம நாட்டு நாயும் ராத்திரி கண்ணு முழிச்சுக் காக்கறதுதான். ரெண்டு மூணு குரைப்புக்கு அப்புறம் "போதும்"னதும் அடங்கினா அது நல்ல நாய். குரல்வளையில ஆபரேஷன் பண்ணி சத்தத்தை எடுத்துடலாம்னு யாராவது யோசனை சொன்னா அவங்க பேச்சைக் கேட்காதே.

அசோசியேஷன் விஷயத்துக்கு வரேன். ருக்மிணி தேவி அருண்டேல் முயற்சியால 1962-ல உருவான விலங்குகள் நல வாரியம், 2015-ல வளர்ப்பு நாய்களுக்கான வழிகாட்டுதல் வெளியிட்டுச்சு. குரைக்குதுங்கிற காரணத்துக்காக நாயே வளர்க்கக் கூடாதுன்னு அசோசியேஷன் தடை போட முடியாதுன்னு அதுல இருக்கு. ஓயாத குரைப்பு அக்கம்பக்கத்தைத் தொந்தரவு பண்ணும், ராத்திரியில அடக்கி வைக்க முயற்சி எடுக்கணும்னு வளர்க்கறவங்களுக்கும் அதே இடத்துல சொல்லியிருக்கு. ரெண்டையும் படிச்சு வெச்சுக்கோ, ஆனா மீட்டிங்ல முதல் பாதியை மட்டும் வாசிச்சு சண்டைக்குப் போகாதே. கீழ் வீட்டுக்கு நீயே இறங்கிப் போ. குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கும்னு கேட்டு, அந்த நேரம் பால்கனி கதவைச் சாத்தி வை. இன்ன பயிற்சி நடக்குது, ஒரு மாசம் பொறுத்துக்கோங்கன்னு சொல்லி உன் நம்பரைக் குடு. அசோசியேஷன் க்ரூப்ல போடறதுக்கு முன்னாடி உனக்கு போன் பண்ணுவாங்க.

நோட்டை இன்னைக்கு சாயங்காலமே ஆரம்பி. ஞாயித்துக்கிழமை வீடியோவையும் நோட்டையும் எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்க்கலாம். பிரிவுப் பதற்றம் மாதிரி தெரிஞ்சா மறுநாளே லீவு போடறேன், வேப்பேரிக்கு நானும் கூட வர்றேன்.